வீட்டு எண் 0

2025 ஆகஸ்ட்டில் நாடே வாக்காளர் பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ‘வீட்டு எண் 0’ திடீரென்று பிரபலமானது. பெங்களூருவின் மகாதேவபுரா தொகுதிப் பட்டியலில் வீட்டு எண்ணுக்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டிருப்பதைக் காட்டி, இவையெல்லாம் போலி முகவரிகள் என்று ராகுல் காந்தி குற்றம் சாட்டினார். பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார் செய்தியாளர்களைச் சந்தித்தார். எண் இல்லாத வீடுகள் நாட்டில் ஏராளம், பாலத்தடியிலும் சாலையோரத்திலும் படுப்பவர்களுக்கும் ஓட்டு உண்டு, இரவில் எங்கே தூங்குகிறாரோ அதுவே அவருடைய முகவரி, அதனால்தான் பூஜ்யம் விழுகிறது என்பது அவர் பதில்.

அந்தத் தொகுதியின் பூஜ்யங்களில் எத்தனை நிஜம், எத்தனை கோளாறு என்பது தனி விவகாரம். நான் அதற்குள் போகவில்லை. என்னை உறுத்தியது வேறொன்று. வீடில்லாத ஒருவர் எல்லா விதிகளின்படியும் அரசுப் பதிவேட்டில் ஏறியிருந்தாலும், படிப்பவர் கண்ணுக்கு அந்தப் பதிவு மோசடி மாதிரிதான் தெரிகிறது. அவர் நிஜமான ஆள் என்று சொல்ல இன்னொருவர் மேடை ஏற வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் ஓட்டு விஷயத்தில் நம் சட்டம் தாராளமானது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கிறாரா என்று மட்டுமே பார்க்கிறது. ஒரு தொகுதியில் வீடு வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே குடியிருப்பவராக ஆகிவிடமாட்டார் என்று 20ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. கோயம்புத்தூரில் வசிப்பவர் அடையாறில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கலாம். அதை வைத்து அவருக்கு அடையாறில் ஓட்டு கிடையாது. அந்த ஃபிளாட்டுக்குப் பக்கத்துப் பாலத்தடியில் தினமும் படுப்பவருக்கு உண்டு.

அதை எப்படி உறுதி செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வீடில்லாதவர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., அவர் சொன்ன இடத்துக்கு இரவில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாள் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போக வேண்டும். அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று தெரிந்துவிட்டால், இருப்பிடத்துக்கு வேறு எந்த ஆவணமும் கேட்கக் கூடாது. நம் அலுவலக நடைமுறைகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் இதைப் போல நியாயமான ஒன்றைக் காண்பது அரிது. நிரூபிக்க வேண்டிய சுமை இங்கே ஏழையின் தலையில் இல்லை. அலுவலர்தான் டார்ச்சோடு கிளம்ப வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே வழியில்தான் நடந்தது. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவை வீடற்றவர்களுக்காகவே ஒதுக்கினார்கள். சாலையோரம், ரயில்வே பிளாட்பாரம், மேம்பாலத்தடி, மாடிப்படியின் கீழ், கோயில் மண்டபம், பெரிய சிமென்ட் குழாய் என்று தேடிப் போய் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர், அதில் 9.38 லட்சம் பேர் நகரங்களில். எண்ணிக்கை குறைவு என்று அப்போதே பலர் சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஒரே இரவில் ஒரு நகரத்தின் எல்லாப் படிக்கட்டுகளின் கீழும் குனிந்து பார்த்துவிட முடியுமா?

சரி, ஓட்டுக்கும் தலைக்கணக்குக்கும் இரவில் வருகிற அரசு, மற்றவற்றுக்கு வருவதில்லை. மற்ற அட்டைகளுக்கு நாம்தான் பகலில், வரிசையில், ஜெராக்ஸோடு போக வேண்டும்.

தமிழ்நாட்டில் ரேஷன் கார்டை அரிசிக்கான அட்டை என்று நினைத்தால் பாதிதான் சரி. பொங்கல் பரிசு அதன்மேல்தான் வருகிறது. 2021இல் கொரோனா நிவாரணமாக 4,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்தது, அரிசி அட்டைக்கு. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்ற கணக்கு. அதே டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு 6,000 ரூபாய், ரேஷன் கடையில் டோக்கன் வைத்து. அட்டை இல்லாதவர்களும் தனியாக விண்ணப்பம் எழுதித் தரலாம் என்று அப்போது அறிவித்தார்கள். ஆனால் டோக்கன் வீடு தேடி வருவதும் வங்கிக் கணக்கு எண்ணோடு மனு எழுதிக் காத்திருப்பதும் ஒன்றாகுமா? முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கும் குடும்ப அட்டை வேண்டும். கூடவே ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருவாய்த் துறைச் சான்று. வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட வேண்டுமானால், “நீங்க என் ஏரியாதானா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும்.

இந்தக் காப்பீட்டை வீட்டுப் பிரச்சினையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. வாடகை வீட்டிலிருந்து தெருவுக்கு வருகிறவர்கள் ஒரே நாளில் வந்து விழுவதில்லை. வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை. தனியார் மருத்துவமனையில் கடன். மூன்று மாத வாடகை பாக்கி. அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறார் வீட்டுக்காரர். அப்புறம் சாமான் வெளியே. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியிலேயே ஓர் அட்டை இருந்திருந்தால் மீதி நடந்திருக்காது. வீடற்றோருக்குக் காப்பகம் கட்டுவது செலவு பிடிக்கிற வேலை. ஒரு குடும்பத்தின் கார்டில் முகவரியைச் சரியாக வைத்திருப்பது அதைவிடப் பல மடங்கு மலிவு.

ஆனால் அந்த முகவரியைச் சரியாக வைத்திருப்பதே பெரும்பாடு. வாடகைக்கு இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது. ஒண்டுக் குடித்தனங்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறைகளிலும் பேப்பர் எங்கே? “அக்ரிமென்ட் எல்லாம் வேணாம்மா, மாசம் பிறந்தா வாடகையைக் குடுத்துடு” என்பதோடு முடிந்தது. இந்த முகவரியில் ஆதார் மாற்றக் கூடாது, கேஸ் கனெக்‌ஷன் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடும் வீட்டுக்காரர்களும் உண்டு. நாளைக்கு உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்ற பயம். விளைவு, குடும்பம் வியாசர்பாடியில் இருக்கும், கார்டு செங்கம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும், ஓட்டு மூன்று வீட்டுக்கு முந்தைய முகவரியில் இருக்கும். இப்படிப்பட்ட குடும்பத்தை வீட்டுக்காரர் ஒரே இரவில் வெளியேற்றினால், இங்கேதான் இத்தனை வருஷம் இருந்தோம் என்று சொல்ல அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

புதுக் கார்டு வாங்கப் போனாலும் விதி ஒன்று குறுக்கே நிற்கும்: தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பமாக இருக்க வேண்டும். பழைய கார்டில் பெயர் இருந்தால் முதலில் அங்கே நீக்க வேண்டும். கணவனின் அடி தாங்காமல் கிளம்பி வந்த பெண்ணின் பெயர் கணவன் வீட்டுக் கார்டில் இருக்கிறது, கார்டு அவன் பீரோவில் இருக்கிறது. நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவள் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கமாட்டாள். வீட்டை விட்டுத் துரத்தப்படும் திருநங்கைகளுக்கும் இதே கதைதான். பள்ளிச் சான்றிதழ் பெற்றோர் கையில், அதில் இருப்பதோ பழைய பெயர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிளாட்பாரத்தில் வாழ்கிற எல்லாருமே அட்டை இல்லாதவர்கள் என்று நினைப்பது தவறு. சென்னையில் பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் பலரிடம் ஓட்டர் ஐடி, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாமே உண்டு. தேர்தல் வந்தால் வேட்பாளர் கும்பிடுவார். அதாவது கார்டு கிடைத்தால் வீடு கிடைத்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கையில் எதுவுமே இல்லாமல் இருப்பவர்கள் பெரும்பாலும் தனியாட்கள்: வேலை தேடி வந்து தொடர்பு விட்டுப்போன ஆண்கள், பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள், மனநலம் குன்றி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், வடமாநிலத்திலிருந்து ரயிலேறி வந்து இறங்கியவர்கள். குடும்பமாகத் தெருவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்டும் ஒரு கவுன்சிலரும் இருப்பார்கள். தனியாளுக்கு அதுவும் இல்லை.

இருக்கிற காகிதத்தைக் காப்பாற்றுவது அடுத்த பாடு. பூட்டும் பீரோவும் இல்லாத இடத்தில் ஆவணம் என்பது பாலிதீன் கவருக்குள் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொள்கிற ஒன்று. அல்லது தெரிந்த டீக்கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிற ஒன்று. மழை ஒரு பக்கம், திருட்டு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று விடியற்காலையில் வரும் லாரி; துணி மூட்டையோடு சேர்த்து அந்தக் கவரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடு உள்ளவர்களின் பத்திரங்களும் சான்றிதழ்களும் அடித்துக்கொண்டு போயின. அப்போது அரசு சிறப்பு முகாம் போட்டு நகல்களை இலவசமாகத் தந்தது, நல்ல காரியம். தெருவில் இருப்பவருக்கு அந்த வெள்ளம் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஏதோ ஒரு வடிவத்தில் வருகிறது. அதற்கு முகாம் கிடையாது.

தொலைந்ததை மீட்கலாம் என்றால் முதலில் ஓ.டி.பி. வேண்டும். ஆதார் எண் நினைவில்லை. எடுத்துப் பார்க்கப் பதிவு செய்த செல்போன் எண் வேண்டும். அந்த சிம் போன வருஷமே போனோடு திருட்டுப் போனது. புது சிம் வாங்க ஆதார் கேட்பார்கள். மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து எடுக்கலாம்தான். சிமென்ட் கலவையிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் ரேகை அழிந்த விரல் எந்திரத்தில் விழ வேண்டுமே! எல்லாவற்றையும் செல்போனிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் டிஜிலாக்கரின் வாசலிலும் அதே ஓ.டி.பி.தான் காவல் நிற்கிறது.

அடையாள அட்டையும் தலைக்கு மேல் கூரையும் எவ்வளவு நேரடியாகப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்கிற உதாரணம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு. 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று சொன்னதற்காகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருப்பது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, வறட்சியில் வேலை இல்லாமல் 1961இல் பம்பாய்க்குப் போனவர். தாராவி மாதிரி இடம்கூட அவருக்கு வாய்க்கவில்லை. மேற்கு விரைவுச் சாலையின் நடைபாதையில், பிளாஸ்டிக் தாளும் தார்பாலினும் போட்ட ஒரு மறைப்புக்காக அங்கிருந்த தாதா ஒருவர் அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கினார். அவருடைய தினக்கூலி 23 ரூபாய். கணக்குப் போட்டால் நூறு நாள் உழைப்புக்கு மேல். அந்த மாதிரிப் பணத்துக்கு யார் ரசீது தருவார்கள்? 1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி அந்தக் குடிசையை இடித்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பியது. மனைவியும் மகள்களும் சேலத்தில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பிப் போய், மறுபடியும் ஒரு நடைபாதையில் ஒண்டிக்கொண்டார். இவ்வளவும் தீர்ப்பிலேயே இருக்கிறது.

அந்தத் தீர்ப்பின் முன்பாதியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். பின்பாதி அவ்வளவு இனிப்பாக இல்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றுதான் நீதிமன்றம் முடித்தது, மழைக்காலம் முடியும்வரை பொறுக்கச் சொல்லி. மாற்று இடம் யாருக்கு? 1976இல் மகாராஷ்டிர அரசு எடுத்த கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு. அந்தக் கணக்கெடுப்பு நடந்த நாளில் ஊருக்குப் போயிருந்தவர், வேலைக்குப் போயிருந்தவர், கேட்டபோது பயந்து ஒளிந்தவர் எல்லாரும் அதே பம்பாயில் அதே மழையில் இருந்தவர்கள்தான். ஆனால் பதிவு இல்லை.

பிறகு வந்த சேரி மறுசீரமைப்புத் திட்டத்தில் இது இன்னும் வெளிப்படையானது. 1995 ஜனவரி 1 அன்று வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் இலவச வீட்டுக்குத் தகுதி; பின்னால் அந்தத் தேதியை 2000 ஜனவரி 1 ஆக்கினார்கள். ஓட்டுப் போடுவதற்கான பட்டியல் அங்கே வீட்டுப் பட்டியலாக மாறிவிட்டது. ‘வீட்டு எண் 0’ என்று ஒருவர் பட்டியலில் இருப்பதை வெறும் தேர்தல் சங்கதியாக ஏன் பார்க்க முடியாது என்றால் இதனால்தான். பத்து வருஷம் கழித்து எந்தப் பட்டியல் எதற்குச் சாட்சியாக நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? சென்னையில் கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டு கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ போகும் குடும்பங்களுக்கும் இதே கவலைதான். கணக்கெடுப்பில் பெயர் வந்ததா, வாடகைக்கு இருந்தவர் பெயரைச் சேர்த்தார்களா, கல்யாணமான மகனைத் தனிக் குடும்பமாக எழுதினார்களா என்பவைதான் அங்கே முதல் சண்டைகள். போய்ச் சேர்ந்த பிறகு எல்லா அட்டையிலும் முகவரி மாற்றும் அலைச்சல் வேறு.

ஆதாரை எடுத்துக்கொண்டால், சட்டம் எழுதியவர்கள் தெருவை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2016 ஆதார் சட்டத்தின் 5ஆவது பிரிவு, நிலையான வீடு இல்லாதவர்களுக்கும் நாடோடிப் பழங்குடிகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 7ஆவது பிரிவு, எண் இன்னும் கிடைக்காதவருக்கு வேறு அடையாளத்தை ஏற்று உதவியைத் தர வேண்டும் என்கிறது. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட்டுத் தரும் சான்றையும் ஆதார் மையம் ஏற்கலாம். இருந்தும், 2018 ஜனவரியில் இரவுக் காப்பகங்கள் தொடர்பான வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், ஆதார் இல்லாதவர்கள் அரசாங்கத்தைப் பொறுத்தவரை இல்லாதவர்களா என்று கேட்க நேர்ந்தது. விதி இருக்கிறது, கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கணினித் திரையில் அதற்கான கட்டம் தென்படாது.

காப்பகம் இங்கே முக்கியமாவது இதனால்தான். 2010இல் உச்ச நீதிமன்றம், லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 24 மணி நேரமும் இயங்கும் காப்பகங்கள் வேண்டும் என்றது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பகத் திட்டம் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் எடுத்துக் கொடுப்பதையும் காப்பகத்தின் வேலையாகவே வைத்தது. காப்பகத்தைப் பாயும் பருப்புச் சாதமும் தரும் இடமாக மட்டும் நடத்தினால் அதன் பாதிப் பலன் போய்விடும். ஓர் ஆளுக்கு அங்கே கிடைக்கும் பெரிய சொத்து, கடிதம் வந்து சேரக்கூடிய ஒரு முகவரியும், இவர் இன்னார் என்று கையெழுத்துப் போட ஒரு மனிதரும்தான். கொரோனா தடுப்பூசியில் இது நடந்தது. முதலில் ஏழு வகை அடையாள அட்டைகளில் ஒன்று கட்டாயம் என்றார்கள். 2021 மே மாதம், அட்டையே இல்லாதவர்களுக்கு ஒரு பொறுப்பாளர் தன் அடையாளத்தைக் காட்டிப் பதிவு செய்து ஊசி போட வைக்கலாம் என்று வழிகாட்டுதல் வந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மனிதர் சாட்சி சொன்னால் போதும் என்று ஓர் அவசரத்தில் ஒப்புக்கொண்ட அரசு, அவசரம் தீர்ந்ததும் பழையபடி காகிதத்துக்குத் திரும்பிவிட்டது.

குழந்தைகள் விஷயம் இனி இன்னும் கடுமையாகப் போகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். தமிழ்நாட்டில் பிரசவம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் நடப்பதால் பதிவு விழுந்துவிடுகிறது. ஆனால் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடும். பிறகு பெயரைச் சேர்க்க யாரும் போவதில்லை. பதிவே ஆகாமல் ஒரு வருஷம் தாண்டிவிட்டால் நடுவர் உத்தரவு வாங்க வேண்டும். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைவார்கள்?

மறுபடியும் ஓட்டுக்கு வருகிறேன். 2025 ஜூனில் பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. 2003 பட்டியலில் இல்லாதவர்கள் 11 ஆவணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றார்கள். ஏழைகளிடம் சாதாரணமாக இருக்கும் ஆதார், ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி மூன்றும் அதில் இல்லை. அரசு ஒதுக்கிய நிலம் அல்லது வீட்டுக்கான சான்று இருந்தது! ஆகஸ்ட் 1 அன்று வந்த வரைவில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் சுமார் 36 லட்சம், நிரந்தரமாக இடம் மாறியவர்கள் அல்லது கண்டுபிடிக்க முடியாதவர்கள் என்ற தலைப்பில். செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆதாரை 12ஆவது ஆவணமாக ஏற்கச் சொன்னது, அடையாளத்துக்கு மட்டும், குடியுரிமைக்கு அல்ல என்ற நிபந்தனையோடு. அடுத்த கட்டம் நவம்பர் 4 அன்று தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் தொடங்கியது.

பட்டியலில் இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘கண்டுபிடிக்க முடியாதவர்’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பதற்கு முன், அவரை எந்த நேரத்தில் தேடினார்கள் என்று கேட்க வேண்டும். இந்தத் திருத்தத்தில் பி.எல்.ஓ. ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தது மூன்று முறை போக வேண்டும் என்பது விதி. வீட்டுக்கு மூன்று முறை சரி. இரவு பதினோரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு பாயை விரித்து, விடியற்காலை ஐந்து மணிக்குச் சுருட்டிக்கொண்டு கோயம்பேட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விடுகிறவரின் முகவரியில், பி.எல்.ஓ. படிவத்தோடு வந்து நிற்கும் காலை பத்து மணிக்குப் பழவண்டிதான் நின்றுகொண்டிருக்கும்.